நாற்பத்தொன்றாவது குறை

அந்தப் பட்டியலில் மொத்தம் அறுபத்திரண்டு வரிகள். நாற்பத்தொன்றாவது வரி இது: "கடைசி நிறுத்தத்தில் அறிவிப்பு முடிந்த பிறகு, பயணிக்குத் தொடர்பில்லாத பேச்சு இரண்டு விநாடி கேட்கிறது. நீக்கவும்."

எழுதியது நான். நீக்கியதும் நான். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். இதுபோன்ற வரிகளைத் தினமும் எழுதுகிறேன். ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. இது ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அவனும் நானும் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் எனக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையைத் தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தே பார்க்கிறேன். அவன் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடை ஒன்றில் வடிவமைப்பு செய்துகொண்டிருந்தான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி. வீடு மேலகரம். அவன் அப்பா தென்காசிக்கும் குற்றாலம் ஐந்தருவிக்கும் ஓடிய தனியார் பேருந்தில் கண்டக்டர்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குக் கீழே வருபவை.

மொபைலில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவர்கள் கொடுக்கும் வண்டியும் சாலையும் அவர்கள் நாட்டுடையவை. ஆனால் விளையாடுகிறவர்கள் தங்கள் ஊர் வண்டியை, தங்கள் ஊர்ச் சாலையைச் செய்து உள்ளே சேர்த்துக்கொள்ள வழி விட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்து சேர்ப்பதற்குப் பெயர் மாட். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவர் வண்டி செய்வார். ஒருவர் ஹாரன் பதிவு செய்து தருவார். ஒருவர் ஊர்ப் பலகை எழுதித் தருவார். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு வழக்கம் மட்டும் கண்டிப்பானது. மாட் வெளியிடும்போது கூடவே ஒரு நன்றிப் பட்டியல் வைக்க வேண்டும். ஹாரன் கொடுத்தவரிலிருந்து டயர் படம் கொடுத்தவர் வரை எல்லார் பெயரும் வர வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் குழுவில் ஒரு வாரம் சண்டை நடக்கும். அங்கே காசு கிடையாது. பெயர்தான் கூலி.

அவன் செய்தது தென்காசி – ஐந்தருவி தடம். எட்டு மாதம் ஆனது. மேலகரத்தில் டிரான்ஸ்பார்மர் நிற்கும் திருப்பம், சீசனில் கேரள வண்டிகள் ஓரமாக ஒதுங்கி நிற்கும் விதம், "இன்று குளிக்கத் தடை" என்ற பலகை, மங்குஸ்தான் குவித்த தள்ளுவண்டி, எல்லாம் இருந்தன. சாரல் கண்ணாடியில் விழும்போது பெரிய துளியாக விழாமல் பொடியாக ஒட்ட வேண்டும் என்று அதற்கு மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்தான். ஒலியும் சோதனையும் என் பொறுப்பு.

நிறுத்தங்களின் பெயரை யார் சொல்வது என்று வந்தபோது அவன் யோசிக்கவே இல்லை. சீசன் இல்லாத மாதம் ஒன்றில், மதிய டிரிப்பில், வண்டியில் எங்களைத் தவிர ஆளே இல்லாத நேரம் பார்த்து அவன் அப்பாவின் முன்னால் மொபைலை நீட்டினான். நான் பின் சீட்டில் நிறுத்தங்களின் பட்டியலோடு இருந்தேன்.

"ஏலே, ஆளில்லாத வண்டில யாருக்குலே கத்தச் சொல்லுத?"

"மொபைலுக்குப்பா. சும்மா சொல்லுங்க."

"சும்மா சொன்னா சும்மாதாம் வரும். ஆளு ஏறணும். அப்பத்தாம் தொண்ட தொறக்கும்."

"அந்தப் பிள்ள ஏறியிருக்கால்ல. அவளுக்குச் சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்கம்மா போணும்?"

"ஐந்தருவி" என்றேன்.

"அப்ப உன் ஒருத்திக்காகக் கடைசி வர கத்தணும். ரெண்டு டிக்கெட்டா எடுத்துரு."

பிறகு தொண்டை திறந்தது. ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில், "ஐந்தருவி, ஐந்தருவி… எல்லாம் எறங்குங்க. பையெல்லாம் பாத்து எடுத்துக்கோங்க." ஒரு விசில். பிறகு கம்பியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மகனைப் பார்த்து, "போதுமாலே?" என்றார்.

"போதும்ப்பா" என்றான் அவன்.

வெளியிடும்போது தன் குரலை மட்டும் வெட்டிவிட்டான். தன் குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறதாம். அப்பாவின் கேள்வியை அப்படியே விட்டிருந்தான். அதனால் மாட்டில் கடைசி நிறுத்தம் வந்து, விசில் அடித்து, எல்லாரும் இறங்கியதும், "போதுமாலே?" என்று ஒரு குரல் கேட்கும். பதில் இருக்காது.

பதிலை விளையாடியவர்கள் எழுதினார்கள். "போதாது அண்ணாச்சி, இன்னொரு டிரிப்பு." "அண்ணாச்சி கேக்கும்போது எறங்கவே மனசு வரல." அவன் அதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினான்.

"எவம்லே அவன்? எனக்கு ஓவர்டைம் போடச் சொல்லுதான்?" என்று கேட்டாலும், மறுநாள் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் வண்டி முதலாளிக்கும் தெரிந்திருந்தது.

காசு வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது நான். பழைய குற்றாலத்தில் படியோரத்துச் சுவரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்திருந்தோம். காரணங்களை எழுதியே கொண்டுபோயிருந்தேன். அவன் மாட்டை ஓட்டி வீடியோ போடுகிறவனுக்கு விளம்பரத்தில் காசு வருகிறது. அவன் கோப்பைத் தூக்கித் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் வருகிறது. ஆக, இது இலவசமே இல்லை. செய்தவனுக்கு மட்டும்தான் இலவசம். பிறகு, சும்மா வாங்குகிறவர்கள் காசு கொடுத்தவர்களைவிட அதிகாரமாகப் பேசுகிறார்கள். "அடுத்த வெர்ஷன் எங்க, செத்துட்டியா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதையும் காரணங்களில் சேர்த்திருந்தேன்.

அவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "வெளாட்டு அவங்க செஞ்சது. வண்டி முதலாளியோடது. ரோடு கவர்மெண்டு போட்டது. ஹாரன் எவனோ ஒருத்தன் குடுத்தது. இதுல நான் எதுக்குட்டி காசு வாங்க?"

"உன் நேரத்துக்கு."

"என் நேரத்த நான் விக்கல."

"பிளக்ஸ் கடைக்கு வித்திருக்கியே?"

"அதாம் மிச்சத்த விக்கல." கீழே அருவியைக் காட்டினான். "இந்தா விழுது. எவனோ வாரான், குளிக்கான், போறான். டிக்கெட்டா போட்டிருக்கு?"

"தண்ணிக்கு இல்ல. வண்டி நிறுத்த உண்டு. எண்ணெய் தேய்க்க உண்டு. சும்மா பாத்ரூம் போனாக்கூட உண்டு. நாம தண்ணிக்குக் கேக்க வேண்டாம்லே. எண்ணெய்க்குக் கேப்போம்."

அவன் சிரித்தான். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ட்டி. தப்பா கம்ப்யூட்டருக்கு வந்துட்ட."

பேச்சு அங்கேயே நின்றது. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். அவன் அப்படி எதையும் நினைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த சீசனில் அவன் அப்பா இறந்தார். கூட்டமான வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கிறார்கள், பயணிகளோடு. பலனில்லை. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை அவன்தான் வடிவமைத்தான். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று கடைக்குப் போய் உட்கார்ந்து, காக்கிச் சட்டையில் இருந்த படத்தின் பின்னணியை வெட்டி, காலரைச் சரிசெய்து, எழுத்தை நிரவினான். கடை முதலாளி அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் இருப்பது அவனும் அவன் அம்மாவும். நான் என் அப்பாவிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முடிவுசெய்தேன். என் அப்பாவுக்குத் தென்காசியில் பெயின்ட் கடை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத மதிய நேரத்தில் போய்ச் சொன்னேன். சாதி, ஊர் எதையும் அவர் கேட்கவில்லை. அதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"பிளக்ஸ் கடைல என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியும். வேற என்ன பண்ணுதான்?"

மாட் பற்றி விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். ஊரூராக எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று மொபைலில் காட்டினேன். ஐந்தருவிச் சாலையை அவரே சிறிது தூரம் ஓட்டி, மேலகரம் திருப்பத்தில் ஒரு ஆட்டோ மேல் ஏற்றினார்.

"நல்லாத்தாம் பண்ணியிருக்கான். இத எவ்வளவுக்கு விக்கான்?"

"விக்கலப்பா. சும்மா குடுக்கான்."

"யாருக்கு?"

"யாருன்னு தெரியாதவங்களுக்கு."

அப்பா மொபைலைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அவங்ககிட்டயே போய்ப் பொண்ணு கேக்கச் சொல்லு."

கடைப்பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் கஷ்டம், அப்பா சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருந்துவிடும்.

அவனிடம் அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பிறகு, "சரி. நீ சொல்லுத மாதிரியே போடுவோம்" என்றான். எட்டு மாத வேலையைப் பற்றி அவன் எடுத்த முடிவுக்கு அவ்வளவுதான் வார்த்தைகள். எனக்காகச் சொன்னான் என்று தெரிந்தது. அதில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

வேலையை முறையாகச் செய்தேன். நன்றிப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, இது இனி விலைக்குப் போகிறது, உங்கள் பங்கை வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டேன். இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஒருவருடைய ஹாரனையும் இன்னொருவருடைய சீட்டுத் துணிப் படத்தையும் எடுத்துவிட்டு வேறு சேர்த்தோம். விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. பழைய இலவசக் கோப்பை, அவன் மாட் வெளியிடும் சேனலிலிருந்து எடுத்தேன். வேறு தளங்களில் திருட்டுத்தனமாகக் கிடந்ததையும் எழுதிக் கேட்டு எடுக்கவைத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று முன்பே அவனிடம் சொல்லி, மொபைலில் இருந்த மூலப் பதிவுகளையெல்லாம் எங்கள் இருவருக்கும் பொதுவான இணையக் கிடங்கில் ஏற்றச் செய்திருந்தேன். பிறகு அந்தப் பழைய மொபைலை மாற்றுக்குக் கொடுத்துத்தான் புதியது வாங்கினான். கிடங்கைச் சுத்தம் செய்யும்போது "பழையவை" என்ற கோப்புறையை அழித்தேன். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். என் வேலைகளின் பட்டியலில் அதற்கு எதிரே ஒரு டிக் இருக்கிறது.

அதற்கு முன்னால் சோதனை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காசு கொடுத்து வாங்கியவளாக என்னை நினைத்துக்கொண்டு தடம் முழுவதும் ஓட்டினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் கற்றுத் தருகிறார்கள்: செய்தவனின் நண்பனாக உட்காராதே, வாங்குகிறவனாக உட்கார். வாங்குகிறவளுக்குக் குறைகள் தெரிந்தன. பின்சக்கரம் தரையில் அரை விரல் அமுங்குகிறது. சிற்றருவிப் பக்கம் ஒரு மரம் காற்றில் தொங்குகிறது. கடைசி நிறுத்தத்தில் யாரோ யாரையோ ஏதோ கேட்கிறார்கள்.

யாரோ இல்லை. அது யார் குரல், யாரைக் கேட்டது, எந்தக் கம்பியில் கை தொங்கியது, எல்லாம் எனக்குத் தெரியும். பின் சீட்டில் நான்தான் இருந்தேன். நிறுத்தங்களைச் சொல்லும் அவர் குரலை ஒரு எழுத்து விடாமல் காப்பாற்றி, என்ஜின் இரைச்சலைக்கூட நீக்கித் துலக்கிவைத்தேன். அவனுக்கு அது ஒரு பரிசாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த இரண்டு விநாடி மட்டும் அறிவிப்பு இல்லை. பயணிக்குத் தொடர்பில்லாதது.

அறுபத்திரண்டு வரிகளையும் அவனுக்கு அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. அத்தனையையும் நானே சரிசெய்தேன்.

நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வாங்கினார்கள். குழுவில் சிலர் திட்டினார்கள். "அண்ணன் கல்லா கட்ட ஆரம்பிச்சிட்டாரு" என்று ஒருவன் படம் போட்டான். வாங்கியவர்களில் யாருமே "செத்துட்டியா" என்று கேட்கவில்லை. அதை அவனிடம் சுட்டிக்காட்டினேன். அப்பாவிடம் விவரம் சொன்னபோது, "பரவால்லியே. அவங்க அப்பா வருசத் திதி முடியட்டும். அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொல்லு, பேசுவோம்" என்றார்.

திதியன்று நான் மேலகரம் போனேன். காக்காவுக்கு வைத்து, சாப்பிட்டு, உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவன் முன்னறையில் தரையில் உட்கார்ந்து மொபைலை எடுத்தான். அவன் அம்மா உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவன் தென்காசியிலிருந்து வண்டியை எடுத்தான். எல்லா நிறுத்தத்திலும் நின்றான். கதவைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சக்கரம் இப்போது அமுங்கவில்லை.

அப்பா இறந்த நாளிலிருந்து அவன் ஐந்தருவி வரை ஓட்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் முன்பே நிறுத்திவிடுவானாம். திதி நாளுக்காக வைத்திருந்திருக்கிறான். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று தொடங்கி எத்தனையோ வாக்கியங்களை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தருவி வந்தது. "எல்லாம் எறங்குங்க. பையெல்லாம் பாத்து எடுத்துக்கோங்க." குரல் துலக்கமாக இருந்தது. விசில். பயணிகள் இறங்கினார்கள். அவன் மொபைலைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒன்றும் வரவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி நிறுத்தத்துக்குள் விட்டான். மறுபடியும் விசில் வரைதான்.

"புது மொபைல்ல எதும் கோளாறா?" என்று என்னைக் கேட்டான்.

"இல்லலே. அது நாப்பத்தொண்ணு" என்றேன்.

நான் எண்ணைத்தான் சொன்னேன். வாயில் முதலில் வந்தது எண்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நீயா எடுத்த?"

"பட்டியல் அனுப்பினேன்ல. நீ சரின்னு போட்ட."

"அறுவத்திரண்டு வரிட்டி. திதிக்கு நாள் குறிக்க ஐயர்கிட்டப் பேசிட்டு இருந்தேன். நீ அனுப்பினா சரியாத்தாம் இருக்கும்னு போட்டேன்." குரல் உயரவில்லை. "சரி விடு. பழசு எங்கன இருக்கு?"

அழித்தவை ஒவ்வொன்றும் டிக் அடித்த வரிசையிலேயே எனக்கு நினைவுக்கு வந்தன. சேனல். மற்ற தளங்கள். கிடங்கு. குப்பைத் தொட்டி. பழைய மொபைல்.

"இல்ல" என்றேன்.

அவன் மொபைலை அணைத்து அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பாத்திரம் ஒதுக்க உள்ளே போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

"என்னட்டி ஆச்சு? காசு வரது நின்னுட்டா?"

"காசு வருதுப்பா" என்றேன். "அவன் வரல."

நான் தேடினேன். நான் அழித்தது என் கைக்கு எட்டிய இடங்களில்தான். விளையாடியவர்களின் மொபைல்களில் பழைய கோப்பு இருக்கலாம். குழுவில் எழுதினேன்: முதல் வெர்ஷன் யாரிடமாவது இருந்தால் அனுப்ப முடியுமா?

பதில்கள் உடனே வந்தன.

"என்ன விலைக்கு வேணும் அக்கா?"

"டீ மட்டுமா, வடையும் சேத்தா?"

"நீங்கதான அத எங்க யாருக்கும் கெடைக்கக் கூடாதுன்னு எழுதி எழுதி அழிச்சீங்க? இப்ப எங்ககிட்டயே கேக்கிய?"

எல்லாம் நியாயமான கேள்விகள். ஏன் வேண்டும் என்று எழுதியிருந்தால் அவர்கள் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள். அது அவனுடைய விஷயம். அவனைக் கேட்காமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்க அவன் போனை எடுக்கவில்லை.

நான்காவது நாள் தனியாக ஒரு செய்தி வந்தது. அச்சன்புதூர்க்காரர், ராணுவத்தில் இருக்கிறார், எல்லைப் பக்கம் எங்கேயோ பனிக்குள். "எங்கிட்ட இருக்கு அக்கா. பழைய போன்ல. அது மேல கேம்ப்ல கெடக்கு. நான் இப்ப கீழ வந்திருக்கேன். அங்கன சிக்னல் கெடையாது. அடுத்த தடவ எறங்கும்போது எடுத்துட்டு வந்து அனுப்புதேன்."

புது வெர்ஷன் வாங்கவில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வாங்கினேனே. காசு குடுத்ததுல ஒண்ணுமில்ல, நல்லாத்தாம் இருக்கு. ஆனா அதுல அண்ணாச்சி கடைசில ஒண்ணும் கேக்க மாட்டேங்காரு. அதனால பழசத்தாம் ஓட்டுதேன். இங்கன எவனும் எங்கிட்டப் போதுமான்னு கேக்கதில்ல."

அவர் மறுபடி கீழே இறங்க பதினொரு நாள் ஆனது. கோப்பு வந்ததும் பிரித்து, ஒலியை எடுத்து, சரிபார்த்தேன். இருந்தது. என்ஜின் இரைச்சலோடு, விசிலோடு, இருந்தது. எதையும் துலக்காமல் ஒரு சிறு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன்.

அவன் அம்மா, "வாம்மா, இரி" என்று பழையபடிதான் சொன்னார். அவன் லேப்டாப்பில் போட்டான். சின்ன ஸ்பீக்கரில் பேருந்து இரைந்தது.

"போதுமாலே?"

மூன்று முறை போட்டான். அவன் அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டார். "சோறு வைக்கும்போது நாந்தாம் அவுககிட்ட போதுமா போதுமான்னு கேப்பேன். என்னைய ஒரு நாளும் அவுக கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

என்னை நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிட வந்தான். சாரல் இருந்தது, குடை இல்லை. நான் தயார்செய்துகொண்டு வந்திருந்ததைச் சொன்னேன். அந்த வரியை எழுதியது தவறு. அழிக்கும் முன் உன்னைக் கேட்காதது தவறு. ஆனால் காசு கேட்டது தவறென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றாததைத் தோன்றுகிறது என்று உன்னிடம் சொல்லமாட்டேன்.

"காச விடுட்டி. அதுக்கு நானும் சரின்னுதானே சொன்னேன்" என்றான். "நீ ஒண்ணும் தப்பாப் பண்ணல. எல்லாஞ் சரியாத்தாம் பண்ணியிருக்க. அனுமதி கேட்டிருக்க, பட்டியல் அனுப்பியிருக்க, எங்கிட்ட சரியும் வாங்கியிருக்க. ஒரு எடத்துலகூட நீ நின்னு பாக்கல. அதாம் எனக்குப் பயமா இருக்கு."

பேருந்து வந்தது. அவன் அப்பா வேலை பார்த்த வண்டி இல்லை, வேறு ஒன்று. நான் ஏறினேன். அவன், "ரொம்ப நன்றி" என்றான். எங்களுக்குள் அதுவரை அந்த வார்த்தை புழங்கியதில்லை.

பிறகு நடந்தவை கொஞ்சம்தான். வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தான், சிலர்தான் கேட்டார்களாம். மாட்டை மறுபடி இலவசமாக்கினான். கொச்சியில் விளையாட்டுகளுக்கு வண்டி வரைந்து தரும் நிறுவனம் ஒன்று அதைப் பார்த்து அவனுக்கு வேலை கொடுத்தது. செங்கோட்டை வழியாகப் போகும் ரயிலில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். என் அப்பாவிடம் இதைச் சொன்னது யாரென்று தெரியவில்லை. "சும்மா குடுத்தே வேல வாங்கிட்டானா!" என்று கடையில் ஆச்சரியப்பட்டார். பிறகு என்னைப் பார்த்ததும் கலர் கார்டை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அவன் புது வெர்ஷன் வெளியிட்டபோது நன்றிப் பட்டியலைப் பார்த்தேன். அகர வரிசை. முதலில் அவன் அப்பா, அவர் மட்டும் வரிசைக்கு வெளியே, தனியாக. பிறகு ஹாரன் கொடுத்தவர், ஊர்ப் பலகை எழுதியவர், அச்சன்புதூர் ராணுவக்காரர். பதினேழாவதாக என் பெயர், எதிரே "சோதனை உதவி". விட்டுப்போகவில்லை. அவன் யார் பெயரையும் விடமாட்டான்.

தரவிறக்கி ஓட்டினேன். நண்பராகவும் உட்காராமல் வாங்குகிறவளாகவும் உட்காராமல் ஓட்ட முயன்றேன். எப்படி உட்கார்வது என்று தெரியவில்லை. மேலகரத்தில் ஒரு குறை இருந்தது. ஆள் ஏறிய பிறகு பின்கதவு மூடவில்லை. அங்கிருந்து ஐந்தருவி வரை வண்டி திறந்த கதவோடு போனது. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

முன்பானால் மாடியிலிருந்து போன் போட்டு, "ஏலே, கதவ மூடுலே" என்றிருப்பேன். இப்போது குறை சொல்ல எல்லாருக்கும் பொதுவாக ஒரு படிவம் இருக்கிறது. அதை நிரப்பினேன். இடம்: மேலகரம். குறை: பின்கதவு மூடவில்லை. என் பெயரையும் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அடுத்த வெர்ஷனில் சரிசெய்கிறோம்." தானாகப் போகும் பதில் அது. காசு வாங்கிய நாட்களில், வாங்குகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அந்த இரண்டு வாக்கியங்களை அவனுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வெர்ஷன் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் மேலகரம் வரை ஓட்டிப் பார்க்கிறேன். கதவு இன்னும் மூடவில்லை.